திக்கித் திக்கி ஓடிய கல்யாணம்

புது ரேம் போட்ட பிறகும் கணினி வேகமாகவில்லை. திரையில் என் நாத்தனார் சந்தன நிறப் பட்டுப் புடவையில் தேவாலயத்தின் நடுப்பாதையில் நடந்துவந்தாள். சில அடி வைத்தாள், நின்றாள். தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது. பிறகு ஒரே தாவலில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். நடுவே அவள் எப்படி நடந்தாள் என்பது காணாமல் போயிருந்தது.

"இன்னாம்மே இது," என்றார் என் கணவர். "புச்சு போட்டும் இப்டியே கீது."

எனக்கு என்ன தெரியும்? நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் இருப்பவள். அந்தக் கணினியை ஆன் செய்யத் தெரியும், ஆஃப் செய்யத் தெரியும். அவ்வளவுதான்.

அவருக்கும் அது பிறவித் தொழில் இல்லை. கம்பெனிக் கட்டடங்களுக்கு மேலே ஏறி ஷீட் போடுகிற வேலை அவருக்கு. ஆரம்பாக்கத்திலிருந்து பெரியபாளையம் வரைக்கும் அவர் ஏறாத கூரை கிடையாது. கல்யாணமான புதிதில் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகக் காட்டுவார். அதோ அந்த நீலக் கூரை நான் போட்டது, அந்தப் பச்சைக் கூரை நான் போட்டது என்று. ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், பழைய கிடங்கு ஒன்றில் ஒழுகுகிற இடத்தை அடைக்க ஏறினார். காலை வைத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோள் அசையும், முழங்கை மடங்கும். விரல்கள் போய்விட்டன. மார்புக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

முதல் வருடம் முழுக்க அவர் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். திருப்பிப் படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்வார். "நைனா, ஒரு வாய் துன்னு நைனா" என்று கெஞ்சுவார். என் கணவர் வாயைத் திறப்பார், மென்று விழுங்குவார், பேச மாட்டார்.

புதுவாயலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அவருடைய நண்பர்தான் அந்தக் கணினியைக் கொண்டுவந்தவர். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருந்தவர்கள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே வயர்களை மாட்டினார். "சொம்மா ஒரு வாட்டி பாரு மச்சான். புடிக்கலன்னா தூக்கிக்கினு போயிடறேன்" என்றார். பெரிய உருண்டை பதித்த ஒரு மவுஸையும் கொண்டுவந்திருந்தார். உருண்டையை உள்ளங்கையால் உருட்டினால் போதும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா என் கணவரின் வலது கையில் ஒரு தோல் பட்டை கட்டி, அதில் பென்சிலைத் தலைகீழாகச் செருகிக் கொடுத்தார். அந்தப் பென்சிலின் ரப்பர் முனையால் அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டக் கற்றுக்கொண்டார். யாருமே எதிர்பார்க்காத அளவுக்கு அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது.

ஆனால் அவரால் சக்கர நாற்காலியில் அதிக நேரம் உட்கார முடியாது. உட்கார்ந்த இடத்தில் தோல் நசுங்குவது நமக்கு உறுத்தும், நம்மை அறியாமலே அசைந்து உட்காருவோம். அவருக்கு உறுத்தாது. ஒருமுறை அப்படி வந்த புண் ஆறுவதற்கு மாதக்கணக்கானது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், நடுவில் கட்டாயம் படுக்கை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பாதியை இந்த மெஷின் தின்றுகொண்டிருந்தது. உருண்டையை உருட்டிவிட்டு அவர் காத்திருப்பார். படம் நகரும், நிற்கும். அவர் காத்திருப்பார். நேரம் முடிந்துவிட்டது என்று நான் வந்து நிற்பேன். "இன்னும் ஒண்ணியுமே செய்யலம்மே" என்பார்.

அதனால்தான் ரேம். வேலை நடக்கும்போது கணினி எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொள்கிற இடம் அது என்று எனக்குச் சொன்னார். இடம் பெரியதாகவும் வேகமாகவும் இருந்தால் படம் நிற்காது. உட்காரும் நேரமும் குறையும்.

இந்த வீடியோ அவருக்கு மற்ற வீடியோக்களைப் போல இல்லை. அவருடைய ஒரே தங்கையின் கல்யாணம் அது. சித்திரை வெயிலில் கும்மிடிப்பூண்டியில் நடந்தது. ஆலய வாசலில் படிகள் உயரம். நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக்கொள்கிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். நாத்தனார் அழுதாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் வந்தேன்னா எல்லாரும் என்னியத்தான் பாப்பாங்க," என்றார். "அன்னிக்கி ஒரு நாளாவது அவளப் பாக்கட்டும்."

பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனோம். நாத்தனார் தாலி கட்டிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு ஆசீர்வாதம் வாங்கினாள். பிறகு சூளூர்பேட்டைக்குப் புகுந்தவீடு போனாள். போகும்போது ஒன்று சொன்னாள்: "எங் கல்யாண வீடியோவ நீதாண்ணா செய்யணும். எத்தினி நாளானாலும் பரவால்ல." அதனால் ஆடி முடிந்தும் அது வேறு யார் கைக்கும் போகவில்லை.

ரேம் இரண்டையும் சென்னையிலிருந்து வாங்கிவந்து மாட்டியவரும் அந்த நண்பர்தான். எளாவூரில் ஒரு நிச்சயதார்த்தம் படம் எடுக்கப் போகிற அவசரம் அவருக்கு. ஏற்கெனவே இருந்த பழைய ரேமுக்குப் பக்கத்திலேயே புதிய இரண்டையும் செருகி, மூடியைப் போட்டு, "மூணு ஆயிடிச்சி மச்சான், இனிமே ராக்கெட்டு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு அவருக்குத் தொடர்ந்து வெளியூர் வேலை. போன் எடுத்தாலும் பேச நேரமில்லை.

"அவன எதுக்கு தொந்தரவு பண்ணணும்?" என்றார் என் கணவர். "நம்பளே பாக்கலாம்."

முதல் ஷிப்டு முடிந்து நான் மூன்று மணிக்குமேல் வீடு வருவேன். அந்த நாட்களில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். கட்டிலில் படுத்தபடி பகலெல்லாம் போனில் படித்திருப்பார், பார்த்திருப்பார். யாரோ ஒருவர் இந்தியில் விளக்கிக்கொண்டே இருப்பார். பாஷை புரியாவிட்டாலும் அந்த ஆள் கை போகிற இடத்தைப் பார்த்தே இவர் கற்றுக்கொள்வார். சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர் நான் எப்போது வருவேன் என்று வாசலைப் பார்த்திருந்தார். களைப்பாக வந்தாலும் எனக்கு அது இனித்தது.

முதலில் கணினியிலேயே ஓர் இடத்தைத் திறந்து காட்டினார். ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அதில் தெரியும்.

"ரேமு டப்பால இன்னா போட்டுக்குது, படி."

படித்தேன். மூவாயிரத்து இருநூறு என்று இருந்தது.

"இங்க பாரு. ரெண்டாயிரத்து நூத்திச் சொச்சம்தான் ஓடுது. பழசு அவ்ளோதான் ஓடும். மூணு பேரு கைகோத்துக்கினு நடந்தா, நொண்டறவன் வேகத்துக்குத்தான மத்தவனும் நடக்கணும்?"

நொண்டறவன் என்று சொன்னதும் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "பழச கயட்டிடு" என்றார்.

நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்தேன். உள்ளே கருப்பாகப் படிந்திருந்தது. எங்கள் பக்கம் இரும்பு உருக்குகிற ஆலைகள் அதிகம். காற்று அடிக்கிற திசையைப் பார்த்துத்தான் துணி காயப்போடுவோம். பெட்டிக்குள் கிடந்ததும் அந்தத் தூள்தான். ஸ்குரூ டிரைவரின் காந்த முனையைக் கிட்டே கொண்டுபோனேன். தூள் எழும்பி அதில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. அதை அவரிடம் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். "நாம மட்டுமா முழுங்கறோம், அதுவும் முழுங்குது" என்றார். பெயின்ட் அடிக்கிற புது பிரஷ் ஒன்றை வைத்து எல்லாவற்றையும் மெல்லத் தள்ளி எடுத்தேன்.

பழைய ரேமைக் கழற்றியும் பலன் இல்லை. கல்யாணம் திக்கியது.

மறுநாள் நான் வந்தபோது அவர் வேறு ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார். வேகத்தை அளந்து காட்டும் ஏதோ ஒரு புரோகிராம். கிடைக்கவேண்டியதில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்று அது காட்டியது. ரேம் செருகுகிற ஸ்லாட்டுகள் நாலு இருந்தன. வெறும் வரிசை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு இரண்டாகச் சேர்ந்து அவை இரண்டு பாதைகளாம். எங்கள் ரேம் இரண்டும் மூன்றாவது, நாலாவது ஸ்லாட்டுகளில் அடுத்தடுத்து இருந்ததால், இரண்டும் ஒரே பாதையில் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு பாதை காலியாகக் கிடந்தது.

"ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் மாத்திப் போடு," என்றார். "கரண்டு வயர கயட்டிட்டியா? கதவோட இரும்புக் கம்பியத் தொட்டுட்டு அப்பால கை வை."

தொட்டேன், உடம்பிலிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். மாற்றினேன். மூடியைக்கூடப் போடாமல் ஆன் செய்தேன். விசிறி சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது. ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தேன். கருப்புதான்.

"இன்னா பண்ண?" என்றார்.

"நீ சொன்ன மாதிரிதான் மாமா போட்டேன்."

"போட்டா ஏன் வரல? சரியா அமுக்குனியா? ஒரு வேல ஒயிங்கா செய்யத் தெரியாதா உனுக்கு? எனுக்கு மட்டும் வெரலு இருந்திச்சின்னா இந்நேரம்…"

அவர் இரண்டு கைகளையும் மேசையில் அடித்தார். மடங்கியே இருக்கும் விரல்கள் பலகையில் மோதுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். நான் ஸ்குரூ டிரைவரைத் தரையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். காலையிலிருந்து நின்றுகொண்டே பெட்டி கட்டியவள் நான். ரேம் என்ற பேரே எனக்குப் புதிது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியார் என்னைப் பார்த்தார். தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். நானும் உட்கார்ந்து உருவினேன்.

நான் உள்ளே போனபோது அவர் அதே இடத்தில் இருந்தார். என்னை விட்டு அவர் எங்கே போக முடியும்? நாற்காலியைத் திருப்பக்கூட யாராவது வேண்டும்.

"அது உன் கையின்னு மறந்துட்டேம்மே," என்றார். "என் கையின்னு நெனச்சி கத்திட்டேன்."

நான் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன்.

"மெதுவா எடு. அந்தத் தங்கக் கலரு பல்லுங்கள ரப்பரால தொடச்சிட்டு, ரெண்டு கட்ட வெரலையும் ரெண்டு ஓரத்துல வெச்சி நேரா அமுக்கு. பயப்படாத. ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வரணும்."

அவருடைய கைப்பட்டையிலிருந்த பென்சிலை உருவி, அதன் ரப்பரால் துடைத்தேன். உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்துதான் முதலில் அமுக்கியிருந்தேன். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். டக்கென்றது. மறுபக்கமும் டக்கென்றது. மேலேயிருந்து அவர், "வந்திச்சி, கேட்டிச்சி" என்றார்.

திரை வந்தது.

வேகம் கூடியிருந்தது, ஆனாலும் டப்பாவில் போட்டிருந்த எண் வரவில்லை. அதற்கும் வழி இருந்தது. கணினி கண் விழிக்கும்போதே ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் அதன் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பக்கம் திறக்கும். ரேமின் முழு வேகத்தை அங்கே நாம்தான் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பத்திரமான மெதுவான வேகத்திலேயே காலம் முழுக்க ஓடும். அந்தப் பக்கம் முழுக்க இங்கிலீஷ். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சொல்ல, நான் அம்புக்குறியை நகர்த்தினேன். சேமிக்கவா என்று அது கேட்டபோது இருவருமே தயங்கினோம்.

"இருக்கறதும் பூடுச்சின்னா?" என்றேன்.

"பூடுச்சின்னா பூடட்டும். இதுக்கு மேல நமக்கு இன்னா போவப்போவுது?"

அழுத்தினேன். திரை அணைந்தது. விசிறி நின்றது. திரும்பச் சுற்றியது, திரும்ப நின்றது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், அங்கே பிடித்தால் அவருக்குத் தெரியும். பிறகு ஒழுங்காக ஏறியது. அவர் அந்த எண் இருக்கிற இடத்தைத் திறந்தார். மூவாயிரத்து இருநூறு. மூடிவிட்டு, மறுபடியும் திறந்து பார்த்தார்.

"வந்துடுச்சிம்மே," என்றார். "அம்மாவக் கூப்புடு. கல்யாணத்தப் பாக்கலாம்."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நாத்தனார் ஆலயத்துக்குள் நடந்துவந்தாள். இந்த முறை நிற்கவில்லை. தலைமுக்காடு ஆடியது, கையிலிருந்த பூங்கொத்து லேசாக நடுங்கியது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை அவள் புடவையைத் தொட்டது. எதுவும் விட்டுப்போகவில்லை. அவர் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையோடு கூடவே நடப்பது மாதிரி அவர் தலை மெல்ல அசைந்தது.

பாட்டு நடக்கிற இடம் வந்தது. எல்லோரும் எழுந்து நின்று பாடுகிறார்கள். நாத்தனார் பாடவில்லை. தலையை லேசாகத் திருப்பி வாசலைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள். படம் திக்கித் திக்கி ஓடியபோதெல்லாம் இந்தப் பார்வை தாவலுக்கு நடுவே விழுந்துவிட்டிருக்கிறது. இப்போதுதான் தெரிந்தது.

"யாரத் தேடறா?" என்றார் அவர்.

பின்னாலிருந்து மாமியார்தான் சொன்னார்: "யாரத் தேடுவா. உன்னத்தான் நைனா. வந்துடுவன்னு நெனச்சிக்கினே இருந்தா."

அவர் உள்ளங்கையால் உருண்டையைப் பின்னால் உருட்டினார். நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு முறை உருட்டினார். கண்ணீர் அவர் தாடையிலிருந்து சொட்டியது. அவரால் துடைத்துக்கொள்ள முடியாது. நான் முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

வேகம் வந்தால் அவர் உட்காருகிற நேரம் குறையும் என்றுதானே இத்தனையும் செய்தோம். நடந்தது வேறு. காத்திருக்க வேண்டிய அவசியம் போய்விட்டதும் அவருக்கு நாற்காலியை விடவே மனம் வரவில்லை. நான் வேலைக்குப் போயிருக்கும்போது மாமியாரிடம், "இன்னும் கொஞ்சம்மா, தோ முடிச்சிட்டேன்" என்பார். அத்தனை நாள் வாயே திறக்காமல் கிடந்த மகன் கெஞ்சிக் கேட்டால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? வந்து பார்த்தால் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாட்டுக்குத் தகுந்த மாதிரி படத்தை வெட்டியிருப்பார். "இத்தப் பாரு, இங்க மணி அடிக்குது, இங்க அவ சிரிக்கறா" என்று காட்டுவார். எனக்கும் அந்த முகத்தைப் படுக்கையில் கொண்டுபோய்க் கிடத்த மனசு வராது. இருந்தாலும் கிடத்துவேன். திருப்பிப் பார்ப்பேன். தோல் சிவந்திருந்தது. மருந்து போட்டேன். சிவப்பு கருத்தது.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. புண் மேலே சிறியதாகத்தான் தெரிந்தது, உள்ளே எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் விஷம் பரவிவிட்டது என்றார்கள். இந்த மாதிரி நோயாளிகளுக்கு எப்படிப் பார்த்துக்கொண்டாலும் என்றைக்காவது இது வருவதுதான் என்று அங்கே ஒரு பெண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காய்ச்சலில் அவர் அதிகம் பேசவில்லை. ஒரு காலையில் மட்டும் தெளிவாக இருந்தார். இட்லியைத் தொட்டுத் தொட்டு ஊட்டினேன்.

"விருந்து பாகம்தாம்மே பாக்கி," என்றார். "சாப்படற எடத்துல ரொம்ப இழுக்காத. ஆளாளுக்கு ஒரு தபா மூஞ்சி தெரிஞ்சா போதும்."

"நீயே வந்து செய் மாமா."

"ம்," என்றார்.

மறுநாள் விடிந்த பிறகு, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, அவர் உயிர் போனது. நான் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஊருக்குக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் மழைக்குள்ளேயே அடக்கம் செய்தோம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்துவிட்டு இறக்கினார்கள். நாத்தனார் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்துவதற்கு அவள் வீட்டுக்காரர் மிகவும் சிரமப்பட்டார்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு புதுவாயல் நண்பர் வந்தார். வந்தவர் கணினிப் பக்கமே பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "மிச்சத்த வேற ஆளு கிட்ட குடுத்து முடிச்சிடட்டுமா தங்கச்சி?" என்று கேட்டார். நான் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"வேணாம் அண்ணி," என்றாள். "நீயே செஞ்சிடு. கோணலா இருந்தாலும் பரவால்ல."

செய்தேன். தெரியாததை நண்பரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். என் கணவர் வெட்டிவைத்த இடங்களைத் தொடவில்லை. தங்கை வாசலைப் பார்க்கிற இடத்தை அவர் வைத்திருந்தாரா என்று தேடிப் பார்த்தேன். எடுத்துவிட்டிருந்தார். புகுந்த வீட்டார் பார்க்கப்போகிற படம் என்று நினைத்திருப்பார். நான் விருந்துப் பாகத்தை மட்டும் முடித்தேன். ஆளுக்கு ஒரு முறை முகம் தெரிந்தது. என் முகமும் அதில் இருந்தது. யாருக்கோ சாம்பார் ஊற்றிக்கொண்டு சிரிக்கிறேன்.

நாத்தனார் வந்து பார்த்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். மாமியார் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு, கணினியின் பெட்டி மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அது வெதுவெதுவென்று இருந்தது.

அதன் பிறகு நண்பர் எனக்கும் வேலை கொடுக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் ஷிப்டு முடிந்து வந்து செய்கிறேன். ஆனால் ஆரம்பத்தில் எனக்கு அந்த மேசை எட்டவே இல்லை. சக்கர நாற்காலியின் கைப்பிடிகள் உள்ளே போகவேண்டும் என்று நாலு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் கீபோர்டு என் கழுத்துக்கு வரும். இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சரிந்துகொண்டே இருந்தது. தோள்பட்டை வலியில் கம்பெனியில் பெட்டியைத் தூக்க முடியவில்லை. மாமியார் தைலம் தேய்த்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து வந்ததும், புடவைகூட மாற்றாமல், மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தூக்கு," என்றார். "அந்தக் கல்ல எடுத்துடலாம். உன் தோளு போயிடும்."

"இருக்கட்டும் அத்த."

"எத்தினி நாளிக்கி?"

நான் மேசையை ஒவ்வொரு மூலையாகத் தூக்கிப் பிடித்தேன். அவர் குனிந்து செங்கல்லை உருவினார். மேசை தரைக்கு வந்தது. செங்கற்களில் மேசைக்கால் அழுந்திய தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. மாமியார் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டுபோய் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு, சோறு வடிக்கப் போனார்.